ஒரே பந்தல், இரண்டு தாலி

நான் வேலை செய்த பத்திரிகையில் மணமக்கள் தேவை விளம்பரங்களைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் பொறுப்பாக இருந்தது. மற்ற உதவி ஆசிரியர்களுக்கு அது பிடிக்காத வேலை. எனக்குப் பிடித்திருந்தது. ஊர் எதற்கு விலை வைக்கிறது என்பதை அந்தப் பக்கத்தில் பார்க்கலாம். 1983இன் முதற்பாதியில் ‘அரசாங்க உத்தியோகம்’ என்ற சொல் இல்லாத விளம்பரம் அரிது. அந்த வருடம் கொழும்பில் எரிந்த வீடுகளை விட்டுவிட்டுச் சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்லக் குறைந்தது. அடுத்த வருடம் அதன் இடத்துக்கு மேற்கு ஜேர்மனி வந்தது. பிறகு பிரான்ஸ், சுவிஸ், கனடா.

எங்கள் வீட்டுக்கு விளம்பரம் தேவைப்படவில்லை. எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும், இன்னொரு வீட்டு அக்காவும் தம்பியும். அங்கிருந்து ஒரு பெண் இங்கே வருவாள், இங்கிருந்து ஒரு பெண் அங்கே போவாள். சீதனம் இரண்டு பக்கமும் கழிந்துவிடும். பெண்ணுக்கு எழுதிக்கொடுக்கக் காணி போதாத வீடுகள் இப்படித்தான் சமாளித்தன.

எங்கள் வீடு உரும்பிராயில். ஐயாவுக்குச் செம்மண்ணில் ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. வெங்காயம், போகத்துக்குப் போகம் புகையிலை. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு ஆசிரியை. மற்ற வீடு தெல்லிப்பழையில். மாமி விதவை. மகன் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்கள் பூட்டும் பிற்றர். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த மகன் அக்காவுக்கு, அந்த மகள் எனக்கு. 1984இல் பேச்சு முடிந்தபோது அக்காவுக்கு இருபத்தேழு வயது.

பேச்சில் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் நடக்கவேண்டும். ஒன்றை முடித்து ஆறுதலாக மற்றதை வைத்தால், முதல் தாலி ஏறிய பிறகு ஒரு பக்கம் பின்வாங்கலாம் என்ற பயம். அந்த நிபந்தனையைக் கொண்டுவந்தது ஐயாவா மாமியா என்று பிறகு பல தடவை வாக்குவாதம் நடந்தது. நான் அப்போது அந்த விறாந்தையில்தான் இருந்தேன். இரண்டு பேரும் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் அக்காவிடம் மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

“பிடிக்காமல் என்ன? ரெண்டு கண், ஒரு மூக்கு, எல்லாம் கிடக்கு” என்றாள். “எனக்கு ரெண்டு பிள்ளை வேணும். மூண்டெண்டாலும் பறவாயில்லை. ஊரார் பெத்த நாப்பதை முதலாம் வகுப்பிலை வைச்சு மேய்க்கிறன். என்ரையை மேய்க்கமாட்டனோ?”

அவள் கலியாணத்தைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். மற்றவர்கள் கூறைக்கும் மேளத்துக்கும் அலைந்தபோது, வீட்டின் மேற்குப்பக்க அறைக்கு இன்னொரு யன்னல் வைக்கவேண்டும், குழந்தைக்குக் காற்று வேண்டும் என்று ஐயாவிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஐயா மேசனைக் கூட்டிவந்து யன்னல் வைத்தார்.

ஆவணியில் நாள். ஆடியில் தொழிற்சாலைப் பக்கத்தில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தது. மாப்பிள்ளையோடு வேலை செய்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமையே மாமி ஒரு காணித்துண்டை ஈடு வைத்து மகனைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்து மொஸ்கோ, கிழக்கு பெர்லின். அங்கே நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலில் ஏறினால் மேற்கில் இறங்கலாம் என்று அந்த வருடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆறு மாதம், கூடிப்போனால் ஒரு வருடம் என்றார்கள். கூறைச்சேலைகளை அம்மா பெட்டியில் வைத்து வேப்பிலை போட்டு மூடினார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள் கடிதத்தை விடக் கசெற்றில் பேசி அனுப்புவதுதான் வழக்கம். அத்தானின் கசெற் வந்ததும் மாமி அதை எங்கள் வீட்டுக்கும் கொண்டுவருவார். தாலி கட்டாவிட்டாலும் அவரை அத்தான் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். கசெற்றில் அவர் தாயிடம் கால்நோவைப் பற்றிக் கேட்பார். தங்கையை ஏசுவார். எங்கள் ஐயாவிடம் வெங்காய விலை விசாரிப்பார். கட்டப்போகும் பெண்ணோடு எல்லோருக்கும் கேட்கக் கதைப்பது முறையில்லை. ஆகவே முடிவில், “மற்ற ஆக்களையும் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ” என்பார். அந்த மற்ற ஆக்கள்தான் அக்கா. அந்த இடம் வரும்போது அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவாள். குசினியில் இருந்தாலும் கேட்கும்.

அகதி விண்ணப்பம் முடியும்வரை அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் களவாகக் கோப்பை கழுவினார். அந்த ஊர்க்காரனுக்குக் கொடுப்பதில் பாதிதான் கையில் கொடுத்தார்கள். அந்தப் பாதி இங்கே எங்கள் இரண்டு வீட்டுச் சம்பளங்களையும் சேர்த்ததை விடப் பெரிது. மாமி ஈட்டை மீட்டார், கிணற்றுக்கு மிசின் வாங்கினார். ஒரே வருடத்தில் அவருடைய நடையில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கையில் காசு வந்தவர்கள் நடக்கிற மாதிரித்தான் நடந்தார்.

இங்கே வேறொன்று நடந்தது. வெங்காயம் நடுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கூலிக்கு வந்த இளம்பெடியள் பாதிப்பேர் போராளி இயக்கங்களுக்குப் போனார்கள், மற்றப் பாதி காணியை விற்று வெளிநாடு போனார்கள். பெண்கள்தான் மிச்சம். அவர்களும் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். ஐயா ஒருநாள் வரம்பில் நின்று சத்தம் போட்டார்.

“உவங்கள் எல்லாம் அங்கை போய்க் கோப்பை கழுவுறாங்கள். இஞ்சை ஆர் வெங்காயம் நடுறது?”

பாத்தியில் குனிந்திருந்த பெண்ணொருத்தி நிமிராமலே சொன்னாள்: “அந்தக் கோப்பை கழுவுறவருக்குத்தானே ஐயா நீங்கள் மகளைக் குடுக்கப்போறியள். கூலியைக் கூட்டித் தாங்கோ, நாங்கள் வடிவா நடுறம்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். ஐயா கூட்டிக் கொடுத்தார்.

எண்பத்தெட்டில் ஒரு வழி திறந்தது. கொழும்பில் ஒரு ஏஜென்ற் பெண்களை ஜேர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டான். அத்தான் காசு கட்டச் சம்மதித்தார். அவரால் அங்கிருந்து வெளியே வரமுடியாது. வந்தால் திரும்பப் போகமுடியாது. அக்கா அங்கே போனால் கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டலாம். அதைப் பற்றிக் கதைக்க மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“உங்கடை பெட்டை அங்கை போய்த் தாலி கட்டினாப் பிறகு, உங்கடை பெடியன் என்ரை பிள்ளையை மாட்டன் எண்டால் நான் என்ன செய்யிறது?” என்றார் மாமி.

“அப்ப முதல் இஞ்சை இவைக்குக் கட்டுவம்” என்றார் ஐயா.

“கட்டலாம்.”

அம்மா குறுக்கிட்டார். “கட்டினாப் பிறகு உங்கடை மகன் அங்கை ஒரு வெள்ளைக்காரியைப் பிடிச்சால்? என்ரை பிள்ளை தெருவிலை நிக்கிறதோ?”

“என்ரை மகன் அப்பிடிப்பட்டவன் இல்லை.”

“என்ரை மகனும்தான்.”

இரண்டு பேரும் சொன்னது நியாயம். இரண்டு பேரும் மற்றவருக்குப் பலகாரம் எடுக்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டே சொன்னார்கள். ஒரே பந்தல்தான் என்று மறுபடியும் முடிவானது. அந்த ஏஜென்ற்றோடு போன பெண்கள் ஜேர்மனி போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி அக்காவோடு படிப்பித்தவள். அடுத்த வருடம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தியை அக்காவே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, “மேற்கு அறை யன்னல் கதவு இறுகிப்போச்சு. எண்ணெய் விடவேணும்” என்றாள்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது தெல்லிப்பழைச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. மாமியும் மகளும் இரண்டு சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு எங்கள் வளவுக்கு வந்தார்கள். ஐயா தென்னோலையால் ஒரு கொட்டில் போட்டுக்கொடுத்தார். நான் கட்டவேண்டிய பெண் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளத் தொடங்கினாள். நானும் அவளும் நேரே கதைப்பதில்லை. பேச்சு முடிந்து தாலி ஏறாதவர்கள் ஒரே வளவுக்குள் இருந்தால் ஊர் எதையும் சொல்லும். கதைக்க வேண்டியதை இரண்டு பேரும் அக்காவிடம் சொன்னோம், அக்கா பக்கத்தில் நிற்கும்போது, மற்றவருக்குக் கேட்கும்படியாக.

மின்சாரம் நின்றுவிட்டது. பற்றரியை அரசாங்கம் வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டுக் கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை களைத்தால் அத்தானின் குரல் தடித்து இழுபடும்.

“மச்சாள், உங்கடை தம்பியாரைக் கெதியாச் சுத்தச் சொல்லுங்கோ” என்றாள் மாமியின் மகள். “அண்ணை அழுகிற மாதிரிக் கிடக்கு.”

வேகமாகச் சுற்றினேன்.

“இப்ப அண்ணை பெட்டைக் குரலிலை கதைக்கிறார். நடுவா, நடுவா. பேப்பர்க்காரருக்கு நடுநிலை தெரியாதோ?”

அக்கா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி இருமினாள். அவள் அப்படிச் சிரித்தது அந்த வருடங்களில் எனக்கு வேறு ஞாபகமில்லை. அந்தக் கசெற்றிலும் மற்ற ஆக்கள் விசாரிக்கப்பட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு நாங்கள் படித்த காலத்தில் இரண்டு பிரிவு. தொண்ணூற்றொன்றில் ஒன்றாக்கினார்கள். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைச் சேர்த்தும் அவர்கள் இருக்கிற வாங்குகள் மிஞ்சின. தொண்ணூற்று மூன்றில் முதலாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் அக்காவிடம் கொடுத்தார்கள். ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் ஒரு காரணம் என்று அதிபர் சொன்னார்.

“குடும்பங்கள் எங்கை போச்சு, சேர்? குடும்பமாகவேண்டியதுகள் ஆகேல்லை” என்றாள் அக்கா. “பெடியள் ஒரு நாட்டிலை, பெட்டையள் ஒரு நாட்டிலை. பிள்ளை என்ன தபாலிலையோ வரும்?”

இதை என்னிடம் வந்து சொன்னதும் எனக்கு எழுதவேண்டும் போலிருந்தது. அயல் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றுக்குப் போய் விசாரித்தேன். எல்லா இடத்திலும் அதே வெறும் வாங்குகள். எழுதிக் கொண்டுபோய் எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்தேன். அப்போது எங்களுக்குப் பத்திரிகைத் தாள் கிடைப்பதில்லை. பள்ளிக் கொப்பித் தாளிலும் மட்டைத் தாளிலும் சிறிய அளவில் அச்சடித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் முழுவதையும் வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் தம்பி, செத்ததுக்கே இடம் காணேல்லை. பிறக்காததுக்கு எங்கை இடம் விடுறது?”

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நான் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போய் மரண அறிவித்தல்களைச் சரிபார்த்தேன்.

எண்பத்து நான்கில் ஒரு பிற்றரும் ஒரு உதவி ஆசிரியரும் தராசின் இரண்டு தட்டிலும் சமமாக நின்றார்கள். தொண்ணூற்று நான்கில் அப்படி இல்லை. அத்தானுக்கு வதிவிட அனுமதியும் ஒரு தொழிற்சாலையில் வேலையும் கிடைத்திருந்தன. அவரை மாப்பிள்ளை கேட்டு எங்கள் வளவுக்கே தரகர்கள் வந்தார்கள். கொட்டில் வாசலில் இருந்து அவர்கள் சொன்ன தொகைகள் எங்கள் குசினிக்குக் கேட்டன. மகளுக்கும் கனடாவில் இருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்தது. என் சம்பளம் அரை மாதத்துக்கு ஒருமுறை, பத்திரிகை விற்ற காசில் இருந்து, துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

“எங்கடை வளவுக்கை இருந்துகொண்டு எங்கடை பிள்ளையளை நிறுத்துப் பாக்கிறா” என்றார் அம்மா.

மாமி அதைக் கேட்டிருக்கவேண்டும். அன்று மாலையே வந்து படியில் இருந்தார். “சொன்ன சொல்லு சொன்னதுதான். நான் மாறமாட்டன். ஆனால் அவனுக்கும் நாப்பதாச்சு. உங்கடை பிள்ளைக்கு முப்பத்தேழு. இனியும் பந்தல் பந்தல் எண்டு இருந்தால் பேரப்பிள்ளையை ஆர் காணுறது?”

கடைசியில் ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். அக்கா கொழும்புக்குப் போய் அங்கிருந்து ஜேர்மனிக்குப் போவது. அங்கே தாலி ஏறும் அதே நேரத்தில் இங்கே எனக்கும் கலியாணம். பந்தல் இரண்டு நாட்டில் என்றாலும் முகூர்த்தம் ஒன்று. சாத்திரியார் இரண்டு நாட்டு நேரத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தார். எங்கள் காலை முகூர்த்தம் அங்கே விடிவதற்கு முன்னம் வந்தது. “அந்தக் குளிருக்கை ஆர் சாத்திரியார் எழும்பித் தாலி கட்டுறது?” என்று மாமியின் மகள் சிரித்தாள். “கட்டத்தான் வேணும்” என்றார் சாத்திரியார்.

குடாநாட்டைவிட்டு வெளியேறப் பாஸ் எடுக்கச் சில மாதங்கள் ஆயின. பத்திரிகை அலுவல் என்று எனக்கும் ஒரு பாஸ் கிடைத்தது. கிளாலியில் படகேறிக் கடலைக் கடந்து, வவுனியாவில் வரிசைகளில் நின்று, கொழும்புக்குப் போனோம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு அத்தான் எடுப்பதாக ஒழுங்கு.

பத்து வருடம் அந்தக் குரலைக் கேட்டிருந்தாலும் அக்கா அவரோடு கதைக்கப்போவது அதுதான் முதல் தடவை. புதிதாகத் தைத்த சட்டையும் சேலையும் உடுத்திருந்தாள். மணி அடித்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் விசிறி வேலை செய்யாததால் கதவைச் சாத்தவில்லை. அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

“ஓம். ஓம், சுகமா இருக்கிறம். மாமி நல்லா இருக்கிறா, கால்நோ கொஞ்சம் கிடக்கு. ஓம், அவளும் நல்லா இருக்கிறாள்.”

சிரித்தாள். பிறகு நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

மறுபடி கேட்டாள். சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள் அதை அவிழ்த்துவிட்டாள்.

“ஒண்டு கூடவோ?” என்றாள்.

அங்கிருந்து பதில் வந்திருக்கவேண்டும்.

“இல்லை, நீங்கள் முதலே சொன்னது நல்லது. வைக்கிறன்.”

கடைக்காரரிடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காலிக்குப் போகும் பெருவீதியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர் சொன்னதை எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்வது போல, எதையும் கூட்டாமல் குறைக்காமல். காலையில் தொழிற்சாலை, மாலையில் ஒரு அலுவலகத்தைத் துப்புரவாக்கும் வேலை. அவள் வந்தால் அவளுக்கும் அதே துப்புரவு வேலை எடுத்துத் தருவார். இரண்டு பேரும் உழைத்தால்தான் வாடகையும் வரியும் கட்டி, இங்கே தாய்க்கும் அனுப்பலாம். பிள்ளை என்றால் ஒருவர் வீட்டில் நிற்கவேண்டும். பிள்ளையைப் பார்க்க அங்கே தாயோ தமக்கையோ இல்லை. அந்த நாட்டுச் சனமே இப்போது பெறுவதில்லையாம். அவருக்கும் நாற்பது. பிள்ளைகுட்டி இனி வேண்டாம் என்று முடிவெடுத்து நாளாகிவிட்டது. இதைச் சொல்லாமல் கூப்பிடுவது பிழை என்று நினைத்ததால் சொல்கிறார். மற்றபடி அவளைக் கண்கலங்காமல் பார்ப்பார்.

“நல்ல மனிசன்” என்றாள் அக்கா. “பொய் சொல்லேல்லை.”

“போனால் மனம் மாறும் அக்கா.”

“எனக்கு முப்பத்தேழு. ஒரு ஆம்பிளையின்ரை மனம் மாறுமட்டும் நான் என்ரை வயசை எங்கை வைச்சிருக்கிறது?”

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முதல் நாங்கள் லொட்ஜை விட்டுவிட்டோம். வவுனியா வரிசையில் நிற்கும்போது அவள் என்னைப் பார்த்தாள். நான் திரும்பிப் போனால் உனக்கும் கலியாணம் இல்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னுக்கு நகர்ந்தேன்.

வளவுக்குள் போனதும் அக்கா நேரே கொட்டிலுக்குத்தான் போனாள். மாமி முதலில் அழுதார். பிறகு மகனைத் திட்டினார். “அவன் விசரன். நான் சொல்லி மாத்துறன், பொறு பிள்ளை.” ஒரு கசெற்றில் பேசிக் கொழும்புக்குப் போனவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். பதில் வர மாதங்கள் சென்றன. நான் சில்லைச் சுற்றினேன். தாயின் கோபம் விளங்குகிறது, ஆனால் அங்கத்தைய நிலைமை தாய்க்கு விளங்காது என்றார் அத்தான். மற்ற ஆக்களை இந்தத் தடவை அவர் விசாரிக்கவில்லை.

என் அம்மா மாமியிடம் கேட்டார், இவர்கள் இரண்டு பேருக்காவது செய்துவைப்போமே என்று.

“உங்கடை மகள் என்ரை மகனை வேண்டாம் எண்டு போட்டா. பிறகு அந்த வீட்டிலை நான் எப்பிடி மகளைக் குடுக்கிறது? ஒரு பக்கம் அறுந்தால் மற்றப் பக்கமும் அறுந்ததுதான்” என்றார் மாமி. அதில் கோபம் இருக்கவில்லை. மாற்றுச் சம்பந்தத்தின் கணக்கு அப்படி. கனடாக்காரருக்குச் சம்மதம் சொல்லி ஆள் அனுப்பினார்.

சில நாட்களின் பின் நான் கிணற்றடியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மாமியின் மகள் வாளியோடு வந்து நின்றாள்.

“மச்சாள், எனக்கு உங்கடை தம்பியாரிலை ஒரு குறையும் இல்லை எண்டு அவருக்குச் சொல்லிவிடுங்கோ.”

“எனக்கும் ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லக்கா” என்றேன்.

அக்கா சோப்புக் கையோடு எழும்பினாள். “ரெண்டு பேருக்கும் வாய் கிடக்குத்தானே?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். ரியூப்பில் பசை காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டு, தண்ணீர் அள்ளி, நிரப்பிக்கொண்டு போனாள். அவளுடைய விமானச் சீட்டுக்கு அத்தான் காசு கட்டியிருந்தார். அவளைத் தடுப்பதற்கு என்னிடம் இருந்தது அந்த வளவும் வராத சம்பளமும்தான்.

தொண்ணூற்றைந்து தை மாதத்தில் சண்டை நின்றிருந்த நாட்களில் அவர்கள் புறப்பட்டார்கள். மாமி கொழும்பு வரை மகளோடு போய், பிறகு சாவகச்சேரியில் தமையன் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. பொருட்களை லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் ஏற்றினோம். மாமியின் மகள் அக்காவைக் கட்டிப்பிடித்தாள்.

“நீங்கள் போயிருந்தால் நான் இஞ்சை நிண்டிருப்பன், மச்சாள்.”

“தெரியும்” என்றாள் அக்கா. “போன உடனை ஒண்டைப் பெறு. சம்பளம் கூடட்டும், வீடு வாங்கட்டும் எண்டு பாத்துக்கொண்டு இராதை.”

“நான் மட்டுமோ பெறுறது? அந்தாளையும் கேக்கவேணுமே?” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். வண்டி தெரு முடக்கில் திரும்பும்வரை மாமி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மகள் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகள் சேர்க்கும் நாள். அக்காவும் நானும் சைக்கிளில் ஒன்றாகப் புறப்பட்டோம். எனக்கு நகரத்துக்குப் போகவேண்டும், அவளுடைய பள்ளிக்கூடம் வழியில். வெங்காயப் பாத்திகளில் பெண்கள் குனிந்து நின்றார்கள்.

“பிள்ளை இல்லாட்டி என்னக்கா, போயிருக்கலாமே?” என்றேன். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது.

“அப்ப நான் என்னத்துக்கு இவ்வளவு வருசம் இருந்தனான்?” என்றாள். “அந்தாளுக்காகவோ? அந்தாளை எனக்குத் தெரியவே தெரியாது.”

ஒரு மாட்டு வண்டியை விலத்திப் போனோம்.

“உனக்கு என்னிலை கோவமோ?”

“இல்லை.”

“இருக்கும். சொல்லாதை. சொன்னால் பிறகு ரெண்டு பேரும் அந்த வீட்டிலை இருக்கேலாது.”

பள்ளிக்கூட வாசலில் ஆறேழு தாய்மார் பிள்ளைகளோடு நின்றார்கள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை கத்தி அழுதது. அக்கா சைக்கிளை மதிலில் சாத்தினாள். குழந்தை அவளைப் பார்த்துக் கைகளை உயர்த்தியது. அவள் அதைத் தூக்கவில்லை. குனிந்து ஒரு கையைப் பிடித்து, தாயிடம் பெயரைக் கேட்டுக்கொண்டே, நடத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.